ஆடி கழியட்டும் என்று சொன்னேன்

பாலா, உன் சித்தப்பா சேகர் ஆடி மாதம் மூன்றாவது சனிக்கிழமை, ஆக்லாந்தில், பேத்தியின் ஹாக்கி மேட்ச் நடந்த பள்ளி மைதானத்துக்கு வெளியே, காருக்குள் உட்கார்ந்தபடி இறந்துபோனான். வயது அறுபத்து நாலு. அங்கே சாயங்காலம், இங்கே காலை பத்து மணி. அவன் மூத்த பெண் நித்யா போன் செய்தபோது நான் கடையில் கல்லாவில் இருந்தேன். "பெரியப்பா, அப்பா போயிட்டாரு. பாதி மேட்ச்ல குளிருதுன்னு கார்ல போய் உட்கார்ந்தாரு. முடிஞ்சப்புறம் போய்க் கூப்பிட்டா எழுந்திருக்கல" என்றாள். நான், "சரிம்மா, ஒரு பில் நிக்குது, போட்டுட்டுக் கூப்பிடுறேன்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். ஆடி சேல், சனிக்கிழமை, எதிரே செம்பாக்கத்து அம்மா ஒருத்தி பழைய குக்கரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவந்து நின்றாள். அதன் கைப்பிடியைக் கழற்றி, எடை போட்டு, கழித்து, புது ஐந்து லிட்டர் குக்கருக்கு பில் போட்டு, வாரண்டி அட்டையில் சீல் வைத்துக் கொடுத்தேன். அப்புறம்தான் நித்யாவைத் திருப்பிக் கூப்பிட்டேன். இன்று வரைக்கும் நான் அழவில்லை. அழுகை வராததைப் பற்றி உன் அம்மா கவலைப்படுகிறாள். எனக்கு அந்தக் கவலையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நீ ஆக்லாந்துக்குக் கிளம்புகிறாய். அவனுடைய கிரிக்கெட் கிளப்பில் கூடி நினைவுகூரப் போகிறார்கள், ஊரிலிருந்து யாராவது அவன் சின்ன வயசைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும் என்று நித்யா கேட்டாள் என்றாய். "அப்பா, நாலு வரி எழுதிக் குடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாய். நாலு வரிதான் எழுத உட்கார்ந்தேன். பில் புத்தகத்துக்கு வெளியே நான் இவ்வளவு எழுதியது இதுதான் முதல் தடவை. இதில் முன்பாதியை அங்கே படி. பின்பாதி உனக்கு. எது முன்பாதி, எது பின்பாதி என்று உனக்கே தெரியும்.

எங்கள் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். தாம்பரம் குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது எனக்குப் பதினேழு, சேகருக்குப் பன்னிரண்டு. நான் ஸ்டேஷன் மேற்குப் பக்கப் படிக்கட்டுக்குக் கீழே கோணி விரித்து பிளாஸ்டிக் பக்கெட் விற்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு நான் சரக்கு எடுக்க பாரிமுனை போவேன். ஒரு ஞாயிறு திரும்பி வந்தால் கோணி இருக்கிறது, ஆறு பக்கெட்டைக் காணோம், அவனையும் காணோம். ரயில்வே மைதானத்தில் பெரிய பையன்கள் ஆட, இவன் அம்பயராக நின்றுகொண்டிருந்தான். அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் வைத்தேன். கன்னத்தைத் தடவிக்கொண்டே, "பக்கெட் போனா வேற பக்கெட் வரும்ணா. கடைசி ஓவரை வுட்டா வராது" என்றான். இன்னொன்றும் வைத்தேன். அடுத்த ஞாயிறு என்ன செய்தான் தெரியுமா? இரண்டு டீமையும் கூட்டிக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு பையன்கள். ஆளுக்கு ஒரு பக்கெட்டைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவனவன் வீட்டுக்குப் போய் அம்மாக்களிடம் விற்றுக் காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் முதல் மொத்த வியாபாரம் அதுதான். கடை எப்படி வளர்ந்தது என்று யார் கேட்டாலும் உழைப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உழைப்புதான். ஆனால் அந்த இருபத்திரண்டு பக்கெட்டை நான் விற்கவில்லை.

இருபத்து நாலு வயதில் மஸ்கட் போனான். கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமை விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் சரளைத் தரையில் சிமெண்ட் பிட்ச் போட்டு ஆடுவார்களாம். பாகிஸ்தான்காரன், மலையாளி, இலங்கைக்காரன், பங்களாதேஷ்காரன் என்று எல்லாரும் ஒரே டீம். சமைப்பதற்கு முறை வைத்திருந்ததால் எல்லாரும் எல்லார் சாப்பாட்டையும் திட்டுவார்களாம். எட்டு வருஷம் கழித்து போட்ஸ்வானா. அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஸ்கோர் எழுதுபவனாகப் போய், ஆறு மாதத்தில் கோச் ஆகிவிட்டான். அவனுக்குச் சொந்தமாக ஆட வராது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். இடது கை ஸ்பின் போடுவான், பந்து திரும்பாது. ஆட வராதவனுக்கு ஆட்டத்தின் மேல் இவ்வளவு ஆசை இருந்து நான் வேறு எவனையும் பார்த்ததில்லை. அப்புறம் ஆக்லாந்து. முதலில் பஸ் ஓட்டினான், பிறகு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். அங்கேயும் கிரிக்கெட்டுக்கு அம்பயர். பேத்தி ஹாக்கி ஆட ஆரம்பித்ததும், வாழ்நாளில் ஹாக்கி மட்டையைத் தொட்டதில்லை, புத்தகம் வாங்கி விதி படித்துவிட்டு கோட்டுக்கு வெளியே நின்று கத்துவான். ஒருமுறை நான் கேட்டேன், இப்படி ஊர் ஊராகப் போகிறாயே, பயமாக இல்லையா என்று. "எந்த ஊர்லயும் சாயங்காலம் நாலு பேர் ஒரு பந்தை வச்சிக்கினு நிப்பாங்கண்ணா. அங்க போய் நின்னா போதும், மீதி தானா வரும்" என்றான். நான் தாம்பரத்தை விட்டு வெளியே தங்கியது, உன் கல்யாணத்துக்கு மதுரை போன மூன்று நாள்தான்.

குடும்பஸ்தன் என்று அங்கே பேசுவார்கள். பேசட்டும், பொய் இல்லை. அவன் மனைவி மாலதிக்கு ஷிஃப்ட் வேலை என்பதால் இரண்டு பெண்களுக்கும் தலை பின்னிவிட்டது அவன்தான். பள்ளிக்கூடத்தில் எந்த விழா என்றாலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான். அவன் பெண்களுக்கு மட்டும் இல்லை. நீ நாலாவது படிக்கும்போது ஸ்போர்ட்ஸ் டே. அப்பாக்கள் ஓட்டப்பந்தயம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். நான் வருகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அன்று காலை ஹோல்சேல் வண்டி வந்துவிட்டது, போகவில்லை. லீவில் வந்திருந்த அவன் போனான். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்து ஒரு எவர்சில்வர் சம்படம் வாங்கி வந்தான். அது எதிர்க்கடைச் சரக்கு, அடியில் பெயர் பொறித்திருந்தது, அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். நீ சோறு சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "மிஸ் சித்தப்பாவைத்தான் என் அப்பான்னு நெனச்சிட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல." அப்போது நான் சிரித்தேன். உன் அம்மாவும் சிரித்தாள். சேகர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் உன் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தான்.

இனி வருவது உனக்கு மட்டும்.

செம்பாக்கத்தில் நம் வீடு இருக்கும் மனை உன் தாத்தா வாங்கிப் போட்டது. அவர் பெயரில் இருந்தது, எங்கள் இருவருக்கும் சரிபாதி. ஆக்லாந்து போவதற்கு முந்தின வாரம் அவனே என்னை ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் தன் பாதியை எனக்கே விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். ஒரு பைசா வாங்கவில்லை. நான் கேட்டேன், ஏதாவது வாங்கிக்கோடா, நாளைக்கு உன் பொண்டாட்டி கேட்பா என்று. "நீ வூடு கட்டுண்ணா. மேல ஒரு போர்ஷன் மட்டும் எனக்கு வச்சிரு. வயசானா ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்கன்னு வந்துடுவேன்" என்றான். பத்திரத்தில் அது எழுதப்படவில்லை. எழுத வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. கட்டினேன். மாடியில் இரண்டு அறை, ஹால், ஏரி தெரிகிற மாதிரி ஒரு பால்கனி. இருபது வருஷமாக அவன் லீவில் வரும்போது மட்டும் அது திறக்கும். வாடகைக்கு விடவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வருஷம் அவன் ரிட்டயர் ஆனான். மார்ச்சில் போன் செய்து, ஆனி கடைசியில் வருகிறோம், நானும் மாலதியும், ஆறு மாதம் இருப்போம், டிக்கெட் பார்த்துவிட்டேன் என்றான். வா என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். ஆனி பிறந்தவுடன் படப்பை கோடவுனில் கூரை ஷீட் காற்றில் பெயர்ந்துவிட்டது. ஓனர் சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும் என்றான். ஆடி சேலுக்கு முழுசாகச் சரக்கு வாங்கியாகிவிட்டது. நாற்காலி, மெத்தை, குக்கர், கிரைண்டர். நான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி நம் மாடியில் இறக்கினேன். தாம்பரத்தில் இரண்டு மாதத்துக்கு வேறு கோடவுன் கிடைக்காமல் இல்லை. இரண்டு கேட்டேன், வாடகை அதிகம் சொன்னார்கள், மாடி சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தேன். சும்மா கிடக்கவில்லை, அவனுக்காகக் கிடந்தது. அவன் வரும் தேதி எனக்கு மறக்கவில்லை. தேதியைத் தள்ளிவைக்கலாம், ஆடி வியாபாரத்தைத் தள்ளிவைக்க முடியாது. என் கணக்கு அவ்வளவுதான்.

அவனைக் கூப்பிட்டு, டேய், நீ வருவதற்கும் ஆடி பிறப்பதற்கும் சரியாக இருக்கிறது, ஆடியில் குடிவர வேண்டாம், ஆறு மாதம் தங்குகிற குடித்தனம், அம்மா இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆடி கழியட்டும், ஆவணியில் வா என்றேன். அவன் சரிண்ணா, அப்படியே செய்யலாம், டிக்கெட்டை மாற்றுகிறேன் என்றான். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா நான் போனை வைத்ததும், "ஆடியெல்லாம் எப்பலேர்ந்து நம்ப ஆரம்பிச்சீங்க? கடையைத் தொறந்ததே ஆடியிலதான?" என்றாள். உண்மை. ஆடியில் எவனும் புதுக்கடை பிடிக்க மாட்டான் என்பதால் அட்வான்ஸைப் பாதியாகக் குறைத்துக் கேட்டு, அதே மாதத்தில் பால் காய்ச்சிக் கடை திறந்தவன் நான். சேகருக்கும் அது தெரியும். பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவனே அவன்தான்.

உனக்கு நான் நிறையப் புத்தி சொல்லியிருக்கிறேன், பாலா. கடனுக்கு எவனுக்குக் கொடுக்கலாம், எவனுக்குக் கொடுக்கக்கூடாது என்று. ஃப்ளாட் வாங்கும்போது மூலப்பத்திரம் பார் என்று. எல்லாம் உபயோகம்தான். இதையும் வைத்துக்கொள். ஒருவனிடம் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தால் உண்மையான காரணத்தைச் சொல். இடம் இல்லை, சரக்கு இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் அவன் என்னைத் திட்டியிருப்பான். திட்டிவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்திலோ சேலையூரிலோ ஒரு மாதத்துக்கு ஒரு வீடு பிடித்துக்கொண்டு வந்திருப்பான். இல்லையென்றால் மெத்தை அடுக்கின் மேலேயே ஏறிப் படுத்திருப்பான். சாமியையும் செத்துப்போன அம்மாவையும் நடுவில் நிறுத்தினால் எதிரே இருப்பவனால் ஒன்றும் பேச முடியாது. வியாபாரத்தில் அது பலமுறை எனக்கு உதவியிருக்கிறது. வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்திருக்கக் கூடாது. இங்கே வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. நிற்கிற இதயம் செம்பாக்கத்திலும் நின்றிருக்கும். ஆனால் இங்கே நின்றிருக்கும்.

ஆடி பிறந்த பிறகும் அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டான். வழக்கமாக மேட்ச் பற்றித்தான் பேசுவான், நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இந்தத் தடவை மட்டும் வியாபாரத்தைக் கேட்டான். "சேல் எப்படிப் போகுதுண்ணா? சரக்கு காலியாகுதா?" என்றான். அடுத்த வாரமும் அதையே கேட்டான். ரிட்டயர் ஆனவனுக்குப் பொழுது போகவில்லை, அண்ணன் கடை மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மெத்தை பாதி போய்விட்டது, நாற்காலிதான் நிற்கிறது என்று விவரமாகச் சொன்னேன். நல்லது நல்லது என்றான்.

காரியம் எல்லாம் அங்கேயே முடிந்தது. ஆடி முடிந்து ஆவணி வந்தது, சேலும் முடிந்தது, மாடி காலியாகிவிட்டது. நானே பெருக்கினேன். தெர்மகோல் துண்டுகள் மூலை மூலையாகக் கிடந்தன, அள்ளிப் போட்டேன். அப்புறம்தான் மாலதிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி என்று சொன்னது பொய், மாடியில் சரக்கு வைத்திருந்தேன் என்று. இரண்டே வாக்கியம்தான். சொல்வதற்கு ஒரு வாரம் ஆனது.

"அவருக்குத் தெரியும் மாமா" என்றாள். எப்படி என்று கேட்டேன். உன் மனைவி செம்பாக்கம் வந்திருந்த அன்று நித்யாவுக்கு வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். மாடிக் கதவு திறந்திருந்திருக்கிறது. விட்டம் வரைக்கும் அடுக்கிய சிவப்பு நாற்காலிகளை அவனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். "பார்த்துட்டுச் சிரிச்சாரு. நான்தான் சண்டை போட்டேன், இப்பவே போன் பண்ணிக் கேளுங்கன்னு. வேணாம், கேட்டா அண்ணன் கூசிப் போயிடும், சரக்கு வித்து முடியட்டும், நாம அப்புறமா போலாம்னாரு."

போனில் அவர்கள் வீட்டு ஹீட்டர் ஓடும் சத்தம் கேட்டது. நான் மாடி காலியாக இருக்கிறது, பெருக்கி வைத்திருக்கிறேன், நீ எப்போது வேண்டுமானாலும் வந்து எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரும்மா, அது உன் வீடு என்றேன்.

"நான் அவர மாதிரி இல்ல மாமா" என்றாள். "வாயால சொல்றத வச்சிக்கினு நான் கெளம்பி வர மாட்டேன். அவரு ஆசைப்பட்ட எடம், அதனால வரேன். ஆனா அது என் வீடு இல்ல, பேப்பர்ல உங்க வீடு. வாடகைக்கு வரேன். அக்ரிமெண்ட் போடுங்க, படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

வாடகையா, உன்னிடமா, ஊர் என்னைக் காறித் துப்பும் என்றேன். "துப்பட்டும். வாடகை குடுத்தாதான் நாளைக்கு மாடியில ஒண்ணு ஏத்தறதுக்கு முன்னாடி என்னைக் கேப்பீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நானே ஒரு புது சப்ளையரிடம் பேசினால் எப்படிப் பேசுவேனோ, அந்தக் குரலில் சொன்னாள். ஐம்பது வருஷம் வியாபாரம் செய்தவனுக்கு எதிரே இருப்பவர் இறங்க மாட்டார் என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். அவள் சொல்லச் சொல்ல பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். நேற்று ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்து டைப்பிஸ்டிடம் கொடுத்து அடித்து வாங்கினேன். அவன் படித்துப் பார்த்து, சார், சொந்தத் தம்பி சம்சாரம்னு சொன்னீங்க என்றான். ஆமாம், அடிப்பா என்றேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. கூட்டம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, வீட்டில் வைத்து மாலதி சித்தியிடம் கொடு. அவள் முழுசாகப் படிக்கட்டும், அவசரப்படுத்தாதே. ஏதாவது மாற்றச் சொன்னால் மறுபேச்சு பேசாமல் குறித்துக்கொண்டு வா. அவள் கேட்டதும் நான் ஒத்துக்கொண்டதும் இவ்வளவுதான். மாடிப் போர்ஷன் முழுவதும், பால்கனி, மொட்டைமாடி உட்பட. பதினோரு மாதம், முடிந்ததும் அவள் விரும்பினால் புதுப்பிக்க வேண்டும், நான் மறுக்கக் கூடாது. அவள் ஊரில் இல்லாத மாதங்களிலும் வாடகை வரும், சாவி அவளிடமே இருக்கும், என்னிடம் மறுசாவி கிடையாது. மாடியிலோ படிக்கட்டிலோ கடைச் சாமான் எதுவும் வைக்கக் கூடாது. காலி செய்யச் சொல்வதானால் ஆறு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாதம். வாடகை மாதம் பன்னிரண்டாயிரம், கரண்ட் பில் தனி.